பின் இருக்கையில் ஐஸ் பெட்டிகள்

எங்கள் வண்டியின் இடது பின் கதவுக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கேளம்பாக்கத்தில் பாஷா பாயின் பட்டறை. தகரக் கூரை வெயிலில் விரிந்து படபடக்கும் ஒலி. சிமெண்டுத் தரையில் வெட்டிய பள்ளத்தின்மேல் வண்டி நின்றது. அந்தப் பள்ளத்துக்குள் பாய் நின்றார். அவருடைய தலைக்குமேல் வண்டியின் வயிறு. ஒரு துளி அவருடைய கழுத்தில் விழுந்திருக்க வேண்டும்.

“அண்ணாத்த! இன்னாது இது? ஜில்லுனு கீது!”

குனிந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை இல்லை. ஆயிலின் பிசுபிசுப்பு இல்லை. பாய் கழுத்தைத் துடைத்த விரலை மூக்கினருகே கொண்டுபோனார்.

“மீன் வாசன அடிக்கிது நைனா.”

இருவரும் ஒரே நேரத்தில் பின் இருக்கையைப் பார்த்தோம். தார்ப்பாய் விரித்து அதன்மேல் நான் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஐஸ் பாதியாகச் சுருங்கியிருந்தது. காலையிலிருந்து இயந்திரத்தின் மீதும், மின்சாரத்தின் மீதும், பாயின் மூக்குக்கண்ணாடி மீதும் நாங்கள் சுமத்திய பழியெல்லாம் அந்தக் குட்டைத் தண்ணீரில் கரைந்தது.

காரின் பின் இருக்கையில் எதற்காக ஐஸ்? அதற்கு ஒரு வருடம் பின்னால் செல்ல வேண்டும். ஐஸ் லாரி ஓட்டிய காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் நான் முன்பு எழுதிய அத்தியாயங்களைப் படித்தவர்கள், ‘இந்த மனிதர் ஐஸை விடமாட்டார் போலிருக்கிறது’ என்று எண்ணக்கூடும். அவர்கள் எண்ணுவது சரிதான்.

நெஞ்சு நிமிர்த்திய வண்டி

அந்த வண்டி எங்கள் மகள் மீனாவினுடையது. படூரில் தங்கி வேலை பார்த்த நாளில் தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கினாள். மணமாகிப் பெங்களூர் சென்றபோது எங்களிடம் விட்டுச் சென்றாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உயரமாக நிற்கும் வகை. பள்ளம் மேடு பாராமல் ஓடும்.

என் மனைவி வசந்தாவுக்கு அந்த வண்டியின்மேல் இருந்த பெருமையை எழுத்தில் வடிப்பது கடினம். கோவளம் கரையில் மீன் விற்று வளர்த்த மகள் வாங்கிய வண்டி அல்லவா! அதில் அவள் அமரும் இடம் பின் இருக்கையின் இடது ஓரம். முன்னால் என்னருகே அமருமாறு ஒருமுறை அழைத்தேன்.

“முன்னால குந்தினா கிளீனர் மாரி கீதுய்யா. நீ ஓட்டு. நான் பின்னாலயே ஓனரா வர்றேன்,” என்றாள்.

ஓனருக்கு முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. ஈர மணலில் கூடையோடு நடந்த கால்கள் எத்தனை ஆண்டுதான் தாங்கும்? உடம்பும் பருத்துவிட்டது. உயரமான அந்த வண்டியில் காலைத் தூக்கி வைக்க அவளால் இயலவில்லை. ஆகவே டிக்கியில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் முக்காலி குடியேறியது. நிறுத்தும் இடந்தோறும் நான் இறங்கி, முக்காலியைப் போட்டு, அவள் கையைப் பிடித்து ஏற்ற வேண்டும். யாரும் பார்க்கிறார்களா என்று இருபுறமும் நோக்கிய பின்னரே அவள் கால் வைப்பாள்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

வசந்தாவின் அக்கா கன்னியம்மா வாழ்க்கைப்பட்டது மாமல்லபுரத்தை அடுத்த தேவனேரிக் குப்பத்தில். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அதில் ஒரு பானை இந்தச் சகோதரிகளுடையது. அவர்களின் தந்தை புயலில் சிக்கிக் கரை திரும்பிய ஓர் ஆடியில், அவர்களின் தாய் நேர்ந்துகொண்டது. ஒரு வயிற்றில் பிறந்த இருவர் சேர்ந்து கிண்டிய கூழாக இருக்க வேண்டும் என்பது வேண்டுதல்.

அக்கா துடுப்புப் போட்டுக் கிண்டுவாள். தங்கை பதம் பார்ப்பாள். நனைத்த விரலால் கூழைத் தொட்டு, விரலில் ஒட்டாமல் வந்தால் தலையசைப்பாள். அதன் பிறகே பானை இறங்கும். இருவரில் ஒருவர் வராவிட்டால் அந்தப் பானை அடுப்பில் ஏறாது. பேறுகாலத்திலும் சென்றிருக்கிறாள் வசந்தா. ஒருமுறை காய்ச்சலோடு என் ஐஸ் லாரியிலேயே ஏற்றிச் சென்றிருக்கிறேன்; காய்ச்சலுக்கு அது இதமாக இருந்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

கடந்த ஆண்டும் சென்றோம். கூழ் ஊற்றியாயிற்று. கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையுமாக உண்டாயிற்று. புறப்படும் வேளையில், கோயிலுக்கு முன்னால், ஊரே நின்று வழியனுப்பும்போது, முக்காலியின் ஒரு கால் மணலில் புதைந்துவிட்டது.

வசந்தா கதவின் கைப்பிடியைப் பற்றித் தொங்கினாள். நான் ஓடுவதற்குள் குப்பத்து ஆண்கள் நால்வர் பாய்ந்து வந்து அவளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அன்பினால் செய்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“அம்மனத் தூக்கறதுக்கு வெச்சிருந்த தெம்பெல்லாம் இங்கயே போச்சிடா மச்சான்!”

ஊர் சிரித்தது. கன்னியம்மா துடுப்போடு அவனைத் துரத்தினாள். வசந்தாவும் சிரித்தாள். வண்டி நெடுஞ்சாலையை எட்டிய பிறகு பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே இந்த வண்டில என்ன ஏத்தாத,” என்றாள்.

அதன் பிறகு அவள் தேவனேரிக்குச் செல்லவில்லை. ஆட்டோவில் காலை நீட்ட முடியாது; சற்று நேரம் முழங்கால் மடங்கியிருந்தாலே வலியில் துடிப்பாள். பேருந்துப் படிகளைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. வண்டியை விற்றுவிட்டுச் சிறியது வாங்கலாம் என்றேன். “எம் பொண்ணு வண்டிய வித்துப் பாரு, தெரியும்,” என்றாள். சகோதரிகள் தினமும் தொலைபேசியில் சண்டையிட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலின் உயரம்

வசந்தா எங்கள் வீட்டுக் கட்டிலில் மட்டும் யார் உதவியுமின்றி அமர்வாள், எழுவாள். ஒருநாள் அவள் குளிக்கச் சென்ற நேரத்தில் கட்டிலின் உயரத்தை வலைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை வண்டியின் பின் இருக்கைக்கு நேரே பிடித்தேன். இருக்கை முடிச்சைவிட ஏறத்தாழ மூன்று விரற்கடை உயர்ந்திருந்தது.

வண்டியைத் தாழ்த்திவிட்டால்?

பழைய மாமல்லபுரம் சாலையில், இளைஞர்கள் தங்கள் கார்களைத் தரையோடு ஒட்டுமாறு தாழ்த்திக்கொள்ளும் பட்டறை ஒன்று உண்டு. அங்கே சென்றேன். காதில் கடுக்கன் அணிந்த ஒருவர் என் வண்டியையும் என் வெள்ளை வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், இந்த வண்டிய அல்லாரும் தூக்கத்தான் கேப்பாங்க. நீங்க எறக்கச் சொல்றீங்க. ரேசுக்குப் போறீங்களா?”

“ஆமாம் தம்பி. ஆடிக் கூழ் ரேசு.”

நீளம் குறைந்த ஸ்பிரிங்குகளைப் போட்டுத் தந்தார்கள். கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சும் இருக்கையும் பொருந்தின. அன்று அந்தப் பட்டறையிலிருந்து நான் மன்னரைப்போல வெளியே வந்தேன்.

அந்த ஆட்சி சில வாரங்களே நீடித்தது. பின் டயர்களின் உள்பக்கம் மட்டும் மழுமழுவென்று தேய்ந்திருந்தது. பின்னால் நின்று பார்த்தால், தலையில் பாரம் ஏற்றியவர் காலை அகட்டி நிற்பதுபோல இரு சக்கரங்களும் மேலே ஒடுங்கிக் கீழே விரிந்து நின்றன. பாஷா பாயிடம் கொண்டு சென்றேன்.

பாயின் மருத்துவம்

பாஷா பாய் கோவளத்தில் பிறந்தவர். வசந்தாவிடம் மீன் வாங்கித் தின்று வளர்ந்தவர். கணினி வைத்துச் சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்க்கும் பட்டறையைப் பல ஆண்டுகளாக நடத்துகிறார். வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார்.

“வண்டிய எறக்குனது சரி. எறக்குனவன் சக்கரத்த யாரு பொறுப்புல வுட்டுட்டுப் போனான்?”

அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். இந்த வகை வண்டியில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே, சில இரும்புக் கைகளைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. உடம்பைத் தாழ்த்தும்போது அந்தக் கைகள் சாய்வு மாறி, சக்கரத்தின் தலையை உள்ளே இழுத்துவிடுகின்றன. அந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். அத்தோடு சக்கரத்தின் மூக்கும் திரும்பிக்கொள்கிறது. நடக்கும்போது சிலருடைய பாதம் உள்நோக்கியும் சிலருடைய பாதம் வெளிநோக்கியும் விழுமே, அதுபோல. அதற்கு டோ என்று பெயர். சாய்வைச் சரிசெய்த பின்னரே மூக்கைச் சரிசெய்ய வேண்டும். முறை மாறினால் முதலில் செய்த வேலை வீண்.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கைகளைப் பாய் வரவழைத்துப் பொருத்தினார். வண்டியைத் தூக்கிய நிலையிலேயே முன்பு எவரோ இறுக்கிவிட்டிருந்த, அந்தக் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்களை எல்லாம் தளர்த்தினார். வண்டியைத் தன் காலில் நிற்கவைத்து, முன்னும் பின்னும் உருட்டி, டிக்கியை அழுத்தி அழுத்திக் குலுக்கி, ரப்பருக்கு இயல்பான நிலை வந்த பிறகு இறுக்கினார். கணினித் திரையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாயின.

தனியே ஓட்டிப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் சென்றது.

“கோளாறு என்கிட்டதான்”

அன்று மாலை வசந்தாவிடம் கெஞ்சினேன். முட்டுக்காடு பாலம்வரை சென்று திரும்பலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்றேன்.

வீட்டு வாசலில் வண்டிக் கதவைத் திறந்தேன். முக்காலியைத் தேடினாள். இல்லை என்றேன். என்னை முறைத்தாள். திரும்பி நின்று, கட்டிலில் அமர்வதைப்போலவே பின்னுக்குச் சாய்ந்தாள். இருக்கை அவளை ஏந்திக்கொண்டது. கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“எப்ப பண்ண இத?”

“பிடித்திருக்கிறதா?” என்று நான் கேட்டது அவளுக்கு எட்டவில்லை. இருக்கையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து சற்று வேகமெடுத்ததும் வண்டியின் வால் ஆடியது. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்திருக்கிறேன். பின்பக்கம் தன் விருப்பத்துக்கு இடதும் வலதுமாக நழுவுகிறது. உப்பங்கழிக் காற்று என்று எண்ண முயன்றேன். வசந்தா முன் இருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டாள்.

“யோவ், இன்னாய்யா இது, பாம்பு மாரி போவுது?”

மெதுவாகவே வீடு திரும்பினோம். யார் உதவியுமின்றி அவளே இறங்கினாள். அதை நான் கொண்டாடியிருக்க வேண்டும். அவள் கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

“நீ தனியா ஓட்டினா நேரா போச்சா?”

பொய் சொல்ல எனக்கு நேரம் போதவில்லை.

“நான் ஏறினா ஆடுது. எறங்கினா நேரா போவுது. அப்ப கோளாறு வண்டில இல்லய்யா. என்கிட்டதான் கீது.” சொல்லிவிட்டு உள்ளே சென்று கட்டிலில் படுத்துக்கொண்டாள். அக்காவின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. முதல்முறையாக எடுக்கவில்லை.

ஐஸ்காரன் மூளை

மறுநாள் விடிந்ததும் பட்டறையில் பாய் தலையைச் சொறிந்தார். “காலி வண்டிக்கு அலைன்மென்ட் புடிச்சேன் அண்ணாத்த. அக்கா குந்துனா பின்னால இன்னும் எறங்குது. எறங்கினா சக்கரம் மறுபடியும் மூக்கத் திருப்பிக்கிது. வண்டி யாரத் தூக்குதோ அவங்கள வெச்சிதான் புடிக்கணும். அக்காவ இட்டுகினு வா.”

“வரமாட்டாள்.”

“கேட்டுப் பாரேன்.”

‘உன் கனத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், பட்டறையில் வந்து உட்கார்’ என்று, அப்படிப் படுத்துக் கிடந்தவளிடம் எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை. அவளுக்குச் சமமான பாரத்தை இருக்கையில் ஏற்றிவிட்டால் போதும் என்றேன். பாயும் ஒப்புக்கொண்டார்.

மணல் மூட்டை வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கோவளத்தில் மணலுக்கு என்ன பஞ்சம்? ஆனால் ஒருவன் தன் வாழ்நாளெல்லாம் எதைத் தூக்கினானோ அதில்தான் அவனுக்குக் கனம் தெரியும். என் தோளுக்கு ஐஸ் பெட்டியின் கனம் தெரியும். எந்தப் பெட்டி எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பாய்க்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அவரும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவர்தானே. வசந்தாவுக்கு எத்தனை பெட்டி ஈடு என்பதை இங்கே எழுத மாட்டேன். இந்த வார இதழ் எங்கள் வீட்டுக்கும் வருகிறது.

கரையில் மாலையில் மீன் விற்கும் பெண்களுக்கு இப்போதும் வசந்தாதான் ஐஸ் கொடுக்கிறாள். வீட்டு முற்றத்தில் அன்றைய நொறுக்கிய ஐஸ், ஓட்டையிட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில், சாக்குப் போர்த்திக் காத்திருந்தது. நான் வீடு திரும்பியபோது வசந்தா இன்னும் உறங்கிக்கொண்டிருந்தாள். மாலைக்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று எண்ணி வண்டியில் ஏற்றினேன்.

அதன் விளைவைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். பாய் டோவைச் சரிசெய்து இறுக்குவார். திரை பச்சை காட்டும். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் எண் நகர்ந்திருக்கும். மறுபடியும் தளர்த்துவார், சரிசெய்வார், இறுக்குவார். மறுபடியும் நகரும். சக்கரத்தில் மாட்டிய கருவிகளைத் துடைத்தார். தன் கண்ணாடியைத் துடைத்தார். “கரண்டு சரியில்ல நைனா, பேஜாரு பண்ணுது,” என்றார். நான் ஆமோதித்தேன். பெட்டிகளின் ஓட்டை வழியே ஐஸ் ஒழுக ஒழுக வண்டி மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்ததை இரண்டு கோவளத்து மனிதர்களும் உணரவில்லை.

“இதான் நானா?”

குட்டையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றபோது பட்டறை வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோவின் பக்கவாட்டில் ஒரு கால் நீண்டிருந்தது. அந்த வெள்ளி மெட்டியை நான் அறிவேன்.

“எங்கய்யா என் ஐஸு?”

வசந்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். “நாஸ்தா கூட துன்னாம ஓடியாந்துகினுகீறேன்! எவனோ திருடிகினு போயிட்டான்னு தெருவெல்லாம் கேட்டேன். எதிர்வூட்டுக்காரி சொல்றா, உம் புருசன்தான் பாய் பட்டறைக்குத் தூக்கிகினு போனாருன்னு!”

அவள் வண்டியின் உள்ளே எட்டிப் பார்த்தாள். இடது ஓரத்தில், தன் இடத்தில், அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். தார்ப்பாயைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பள்ளத்திலிருந்து தலையை மட்டும் நீட்டியிருந்த பாயைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

“இதான் நானா?”

நான் தரையை நோக்கினேன். பாய் பள்ளத்துக்குள் அமிழ்ந்துவிட்டார்.

“உன்னத்தான் கேக்கறேன். ஐஸு வெச்சி என்ன அளந்தியா?”

“நீ வருத்தப்படுவாயோ என்றுதான் கேட்கவில்லை, வசந்தா.”

“நான் இம்மாங் கனமாய்யா?” பெட்டிகளை விரலால் எண்ணினாள். “ஒண்ணு ஜாஸ்தி வெச்சிகீற!”

பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. “யக்கா, சத்தியமா நான் கொறைக்கத்தான் சொன்னேன்!”

“நீ வாய மூடு. சின்ன வயசுலயே எங்கிட்ட நெத்திலிக்கு எட போட்டுப் பாத்தவன்தான நீ.”

அவள் முகம் கடுமையாகவே இருந்தது. பிறகு உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்று பயந்தேன். சிரித்துவிட்டாள். தகரக் கூரை அதிரச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஐஸுக்காரனுக்கு மூள ஐஸா போச்சி. உருகாதாய்யா? எறக்கு அத. உருகிப் போற ஐஸுக்குப் பதிலா நானே குந்திக்கறேன்.”

பள்ளத்தின் மேல்

பெட்டிகளை இறக்கிவிட்டு, வண்டியைப் பள்ளத்தைவிட்டு விலக்கி நிறுத்தினேன். இருக்கையைத் துடைத்து, காய்ந்த துணி விரித்தேன். வசந்தா தன் இடத்தில் அமர்ந்தாள். நான் என் இடத்தில் அமர்ந்தேன். ஓட்டுபவனும் இருந்தால்தான் கணக்குச் சரி என்று பாய் சொல்லிவிட்டார். மெல்லப் பள்ளத்தின்மேல் ஏற்றி நிறுத்தினேன்.

மணமான நாளிலிருந்து, ஓடாத வண்டியில் நாங்கள் இருவரும் இப்படி வெறுமனே அமர்ந்ததில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் முகம். எதிரே திரையில் எண்கள். காலடியில் பாய்.

“யக்கா, அசையாத.”

“மூச்சு வுடலாமா?”

“மெதுவா வுடு.”

தன் ஐஸை ஒரே காலையில் தண்ணீராக்கிவிட்ட கணவனைப் பற்றி அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எண்கள் துள்ளின. பாய் கத்தினார். பாய் கத்தியதற்கு மறுபடி சிரித்தாள். எண்கள் மறுபடி துள்ளின. சாய்வு ஒருவழியாக அமைந்தது. மூக்கு அமையவில்லை. சற்று நேரத்தில் பட்டறைக்கு எதிரே மீன் வண்டிக்காரர் ஒருவர் நிற்பதைப் பார்த்துவிட்டாள். சன்னல் வழியாக அவரிடம் சங்கரா மீனின் விலையை விசாரித்து, அது அநியாயம் என்று நிறுவுவதற்காகக் கையை வீசினாள். பாய் ஸ்பேனரைக் கீழே போட்ட ஒலி கேட்டது.

“அண்ணாத்த, இதுக்கு ஐஸே தேவல.”

அப்போது அவளுடைய தொலைபேசி ஒலித்தது. திரையில் பெயரைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் வைப்பதுதான் அவள் வழக்கம். காதில் வைத்துப் பேச அவளுக்குப் பொறுமையில்லை.

“இன்னாடி, நேத்து ஏன் எடுக்கல? செத்துட்டியான்னு பாத்தேன்,” என்றது கன்னியம்மாவின் குரல்.

“நீ இருக்கசொல்ல நான் எப்டி சாவேன்? உன்ன அனுப்பிட்டுதான் வருவேன்.”

“ஞாயித்துக்கெழம வருவியா, மாட்டியா?”

“வண்டி ரிப்பேருல கீதுக்கா. பாக்கலாம்.”

“பாக்கலாம், பாக்கலாம். ஒரு வருசமா இதான் சொல்லிகினுகீற.” கன்னியம்மாவின் குரல் இறங்கியது. “வசந்தா. உங்கிட்ட ஒண்ணு சொல்லல. எங் கண்ணு போய்கினே கீதுடி. டாக்டரு பாத்துட்டு நரம்பு கெட்டுப்போச்சின்னுட்டாரு. போனது போனதுதானாம். பானையில கூழு வெந்துச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாது. அத வுடு. உம் மூஞ்சி எனக்குத் தெரியற வருசம் இதான்னு நெனைக்கிறேன். வந்துடுடி.”

வசந்தா தொலைபேசியை மடியில் ஏந்தியபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் கண்களை நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானை கூட அசையவில்லை.

பள்ளத்துக்குள் பாயும் கேட்டிருக்க வேண்டும். அசையாதே என்று யாரும் சொல்லவில்லை. திரையில் எண்கள் மெல்ல நகர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. நின்றன. அடியில் ஸ்பேனர் ஒருமுறை முனகியது, பிறகு இன்னொருமுறை.

“வர்றேன்க்கா,” என்றாள் வசந்தா. “துடுப்ப மட்டும் கழுவி வெய்யி.”

வெகுநேரம் கழித்துப் பாய் தாழ்ந்த குரலில், “புடிச்சிட்டேன் அண்ணாத்த,” என்றார்.

தேவனேரி

ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியின் வால் ஆடவில்லை. திருவிடந்தை தாண்டிய பிறகு, சவுக்குத் தோப்புகளின் நிழல் சாலையில் கோடு கோடாக விழும் இடத்தில், சோதிப்பதற்காகச் சற்று அழுத்தினேன். பின்னாலிருந்து ஓனரின் குரல் வந்தது. “நேராத்தான போவுது. அப்புறம் இன்னாத்துக்கு வெரட்டற?”

கோயிலுக்கு முன்னால் அதே நான்கு ஆண்கள், அதே நல்லெண்ணத்தோடு, கைகளைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் இறங்கிக் கதவைத் திறந்தேன். வசந்தா இரு பாதங்களையும் மணலில் ஊன்றினாள். கட்டிலிலிருந்து எழுவதைப்போல எழுந்து நின்றாள். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“இன்னாடா வேடிக்க? போய் அம்மனத் தூக்குங்க,” என்றாள். போன வருடம் பேசியவன்தான் முதலில் சிரித்தான்.

கன்னியம்மா துடுப்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். தங்கையின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தி, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, நெடுநேரம் பார்த்தாள்.

“இளச்சிட்டியாடி?”

“ஐஸுக் கணக்குல ஒரு பெட்டி கொறைஞ்சிட்டேன்,” என்று சொல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள் வசந்தா.

பானை ஏறியது. அக்கா கிண்டினாள். தங்கை விரலை நனைத்துத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, அவளுடைய விரலையும் நனைத்து, கூழில் தொடச் செய்தாள்.

“ஒட்டுதா?”

“ஒட்டல.”

“அப்ப எறக்கு.”

வண்டி இப்போதும் நன்றாகவே ஓடுகிறது. வசந்தா பின்னால் இருக்கும்வரை ஸ்டீரிங் நேராக நிற்கும். நான் தனியாக ஓட்டும்போது மட்டும், இடது பின்பக்கம் சற்று எழும்பி, வண்டி ஒரு பக்கமாக இலேசாக இழுக்கும். பாய் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டு, “ரெண்டுக்கும் நடுவுல வெச்சிப் புடிச்சித் தர்றேன் அண்ணாத்த, அஞ்சு நிமிசம்,” என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் ஏறவில்லை என்பது வண்டிக்கும் தெரிந்திருக்கட்டும்.